பதினான்கு மாடுகளும் ஒரு சின்ன டேப்பும்

பாயக்கும்பு மாட்டுச் சந்தையில் ஜஸ்ரிலின் வலது கையைத் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பேர் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கை இன்னொருவரின் கையோடு ஒரு கைலித் துணிக்குள் மறைந்திருக்கும். மேலே இரண்டு பேரும் மழை பிந்திப்போனதைப் பற்றியோ, வயலில் எலி இறங்கியதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே விரல்கள் விலை பேசும். ஆட்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து. இடப்பக்கம் முறுக்கினால் குறைத்துக்கொள் என்று அர்த்தம். ஒரு சுமாரான மாடே ஒன்றரைக் கோடி ரூப்பியா போகிற ஊர் என்பதால், கோடி என்ற சொல்லைக் கேட்டு அங்கே யாரும் மலைப்பதில்லை.

பிடி இறுகினால் சம்மதம். தளர்ந்தால் இல்லை. தளர்ந்ததற்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவுக்கு முடிந்தது என்று வாங்கியவரையும் கேட்கக் கூடாது, விற்றவரையும் கேட்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷத் தரகில் ஜஸ்ரில் ஒரு மாட்டின் விலையைத் தன் மனைவி யுஸ்னெத்தியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

அவர் இந்தத் தொழிலுக்குள் வந்ததே ஒரு அடிபட்டுத்தான். பத்தொன்பது வயதில், மலையடிவாரக் கிராமங்களிலிருந்து மாடுகளைச் சந்தைக்கு நடத்திக் கொண்டுவந்து கூலி வாங்கிக்கொண்டிருந்தார். சேர்த்த காசில் முதல் மாடு வாங்கினார். நல்ல பளபளப்பு, வயிறு முட்ட நின்றது. விற்றவன் முதல் பிடியிலேயே கையை இறுக்கிவிட்டான். தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போனார். மறுநாள் காலையில் மாடு பாதியாக நின்றது. குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றிய மாடு. அன்றிலிருந்து, பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிறவனிடம் மாடு வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார். அது அவரைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இந்த வருஷம் வந்த சிக்கல் கைலிக்குள் தீர்கிற சிக்கல் அல்ல.

பெக்கான்பாரு நகரத்தில் ஒரு பள்ளிவாசல் கமிட்டி இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடுகிற குர்பானிக்கு அவர்களுக்கு ஜஸ்ரில்தான் மாடு. தலைவர் ஹாஜி தம்ரின் பெருநாளுக்கு மூன்று வாரம் முன்னால் மலை தாண்டி வந்து, ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பல் பார்த்துவிட்டுத்தான் கையைக் கொடுப்பார். கீழ்த்தாடையில் பால்பற்களுக்கு நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் மாட்டுக்கு இரண்டு வயது ஆகிவிட்டது, குர்பானிக்கு ஆகும். அதில் சமரசமே கிடையாது. ஹாஜி வருவார் என்ற நம்பிக்கையில் ஜஸ்ரில் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டுப் பதினான்கு மாடுகளை வாங்கி, அவர்கள் குடியிருந்த யுஸ்னெத்தியின் தாய்வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பெருநாளுக்கு முன் விற்றால் அவை மாடு. பெருநாள் தாண்டிவிட்டால் வெறும் தீனிச்செலவு.

இந்த வருஷம் ஹாஜிக்கு முழங்கால் ஆபரேஷன். வீடியோவில் காட்டச் சொல்லி வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். ஜஸ்ரில் தன் பழைய போனை மாட்டின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"ஜஸ்ரில், நீ என்னத்தக் காட்டுற? பல்லா, இல்ல சோத்துப் பானையா?"

"பல்லுதான் ஹாஜி. ரெண்டு பல்லு, நல்லாப் பெரிசு."

"எனக்கு வெள்ளையா ஒரு புகைதான் தெரியுது. உன்ன நான் நம்புறேன்பா. இந்தக் கமிட்டிப் பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. லம்புங் பக்கம் ஒரு பண்ணைக்காரன் கண்ணு, பல்லு, குளம்புன்னு ஒவ்வொண்ணாக் காட்டினானாம். ஈ உக்காந்தாக்கூடத் தெரிஞ்சுதாம்."

"ஈ எங்க மாட்டு மேலயும் உக்காருது ஹாஜி."

"உக்காரும். தெரியணுமே! வர்ற வியாழக்கிழமை அசர் தொழுகைக்கு அப்புறம் கமிட்டி கூடுது. பல்லு தெரிஞ்சா பதினாலும் உன்கிட்ட. தெரியலன்னா நான் வாய மூடிக்கிட்டு உக்காரணும். சின்ன டேப் ஒண்ணு வாங்கிக்கயேன். உன் கண்ணுக்கும் ஆகும்."

ஜஸ்ரில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வியாழனுக்கு ஆறு நாள்.

போனைவிடப் பெரிய திரை உள்ள டேப் விற்கிற இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, இரண்டு மாதமாகச் சந்தை வாசலில் ஒலிபெருக்கியோடு வந்து நிற்கிற வெளியூர் வேன். அங்கே ஒன்பது லட்சம் ரூப்பியா. கேமராவுக்கு நேராக நாற்பத்தெட்டு மெகாபிக்சல் என்று போட்டிருந்தது, கொள்ளளவு ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி. இன்னொன்று, டவுனில் தெஸ்மாவத்தி என்ற பெண் நடத்துகிற கடை. அங்கே அதே அளவு டேப் இருபத்துநான்கு லட்சம். கேமரா எட்டு, கொள்ளளவு அறுபத்துநான்கு. ஒரு கொழுத்த ஆட்டுக்கிடாயின் விலையைக் கொடுத்து எட்டு வாங்குவதா, ஆட்டுக்குட்டியின் விலையில் நாற்பத்தெட்டு வாங்குவதா? மிச்சமாகிற பணத்தில் பதினான்கு மாட்டுக்கும் பெருநாள் வரை தவிடு போட்டுவிடலாம். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வேன்தான் ஜெயித்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது. மாடு எல்லாப் பக்கமும் அழகாக இருந்தால் அவர் இரண்டாவது தடவை சுற்றி வருகிறவர்.

சனிக்கிழமை சாப்பாட்டின்போது யுஸ்னெத்தி கேட்டாள்.

"ஊடா, மர்லிஸ் ஊடாகிட்ட ஒண்ணு இருக்கே. அதே வேன்ல வாங்கினதுதானே? எவ்வளவு, எப்படி இருக்குன்னு கேட்டா என்ன?"

ஊடா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். கட்டிய புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மர்லிஸ் அதே சந்தையில் இன்னொரு மாட்டு வியாபாரி.

"எப்படி இருக்குன்னு கேட்டேன். பல்லு என்ன பல்லு, நேத்துத் தின்ன புல்லே தெரியும்னான்."

"எடுத்துக் காட்டினாரா?"

"சார்ஜ் இல்லன்னான்."

"சரி, எவ்வளவுக்கு வாங்கினாருன்னாவது கேட்டீங்களா? அந்த விலைக்குத் தகுமான்னு?"

"அத எப்படிக் கேக்கறது?"

"ஏன், வாய்ல என்ன சோத்து உருண்டையா?"

"வாங்கின சாமானோட விலையக் கேக்கறது மரியாதை இல்ல."

"அது மாட்டுக்கு. இது மாடா?"

"சந்தைக்குள்ள வாங்கினா எல்லாம் மாடுதான்."

யுஸ்னெத்தி தினச்சந்தையில் மிளகாய் விற்பவள். அவள் வியாபாரம் முழுக்க வாயில்தான். "நல்லா இருக்கே! ஒரு ஆம்பளையோட கையப் பிடிச்சிக்கிட்டுத் துணிக்குள்ள ஒரு மணி நேரம் நிப்பீங்க. வெளியில எவ்வளவுன்னு ஒரு வார்த்த கேக்க மட்டும் வெக்கம். நான் கிலோ இவ்வளவுன்னு ஊரே கேக்கற மாதிரி கத்துறேன். என் மானம் என்ன, கப்பலேறிப் போயிடுச்சா?"

ஜஸ்ரில் கை கழுவ எழுந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். வேன்காரர் ஒலிபெருக்கியில் கடைசி ஐந்து, கடைசி ஐந்து என்று கூவிக்கொண்டிருந்தார். போன வாரமும் கடைசி ஐந்துதான். ஜஸ்ரில் வேனுக்கு நேராக நடந்தார். பாதி வழியில் மர்லிஸ் கண்ணில் பட்டார். தோளில் பை, பைக்குள் அந்த டேப்பின் விளிம்பு. மர்லிஸ் தன் மாட்டைப் பற்றி வாயால் சொல்வதில் எப்போதும் பாதியைக் கழித்துவிட வேண்டும். ஆனால் அவர் விரல் பொய் சொல்லி ஜஸ்ரில் பார்த்ததில்லை. அந்தச் சந்தையில் யார் விரலும் பொய் சொல்லாது. சொன்னால் அடுத்த வாரம் அந்தக் கையை யாரும் தொடமாட்டார்கள்.

ஜஸ்ரில் தோளிலிருந்த கைலியை எடுத்து நீட்டிய தன் கையின் மேல் போட்டார்.

"எந்த மாடு?" என்றார் மர்லிஸ், கையை உள்ளே விட்டபடியே.

"மாடு இல்ல. உன் பையில இருக்கறது."

மர்லிஸ் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். "என்னடா இது, என் குட்டிப் பொண்ண கேக்கற மாதிரி கேக்கற! அத வெச்சுத்தான் என் வியாபாரமே ஓடுது."

"கேட்டுப் பாக்கறேன். லட்சக் கணக்கு."

"கேளு, கேளு. கேக்கறதுக்குக் காசா பணமா?" என்று சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஒன்பது கொடுத்து வாங்கிய நல்ல சாமானை யாரும் ஏழுக்குக் கீழே விடமாட்டார்கள் என்பது ஜஸ்ரிலின் கணக்கு. வேண்டுமென்றே மட்டமாக ஆரம்பித்தார். ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கினார். மர்லிஸ் கையை உதறுவார், வாயால் நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தார்.

மர்லிஸின் பிடி இறுகியது.

வெளியே மர்லிஸ், "நெல்லுக்கு உரம் கிடைச்சுதா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவர் கை, நீரில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தது.

ஜஸ்ரில் விடவில்லை. மூன்று விரலுக்கு இறங்கினார். இப்படிச் சொன்ன விலையிலிருந்து கீழே இறங்குவது சந்தையில் அடிதடியாகிற காரியம். மர்லிஸ் முகம் சுளிக்கவில்லை. பிடியும் தளரவில்லை. இரண்டு விரல். மர்லிஸின் கட்டைவிரல், சரி, எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்கிற மாதிரி ஜஸ்ரிலின் மணிக்கட்டை இரண்டு முறை அமுக்கியது.

ஜஸ்ரில் மெதுவாகப் பிடியைத் தளர்த்தினார். கைலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ பேசினார்கள், படியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மர்லிஸ் ஒரு மாட்டு லாரியின் மறைவில் வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"வெளியில சொல்லிடாத."

"என்னத்தச் சொல்றது? விலை பேசினோம், கட்டல."

"இல்லடா, கேளு. மொதல் நாளே கை சுடற அளவு சூடாகுது. பல்லு இருக்கட்டும், மாடு நிக்குதா படுத்திருக்கான்னே தெரியல. நாலு போட்டோ எடுத்தா, மொத எடுத்த ரெண்டு காணாமப் போயிடுது. ஐந்நூத்துப் பன்னெண்டாம்!"

"தண்ணி ஏத்தின மாடு."

"ஆமா. அதேதான்."

"அப்புறம் ஏண்டா நேத்துத் தின்ன புல்லு தெரியும்னு சொன்ன?"

"காப்பிக் கடையில அத்தன பேரு முன்னாடி என் மாட்ட நானே நொண்டின்னு சொல்லுவேனா?" மர்லிஸ் பரிதாபமாகக் கேட்டார். "நான் மட்டுமா? இந்தச் சந்தையில பதினோரு பேரு வாங்கியிருக்கோம். எல்லார் பையிலயும் சார்ஜ் இல்லாமத்தான் இருக்கு."

பதினோரு பேர். ஒருவரை ஒருவர் விலை கேட்கவில்லை, குறை சொல்லவில்லை. விலையைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த வழக்கம் இரண்டு மாதமாக வேன்காரரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஜஸ்ரில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பணம் அப்படியே இருந்தது. இன்னும் இருபது அடி நடந்திருந்தால் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து யுஸ்னெத்தியிடம் சொன்னார். இதில் மாட்டு விலை எதுவும் இல்லை என்பதால் தாராளமாகச் சொன்னார். அவள் மிளகாய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வேனுக்குப் போனாள். அவள் எந்தக் கைலிக்குள்ளும் கை விட்டவள் இல்லை. அவளுக்கு அந்த வழக்கம் ஒன்றும் பொருட்டில்லை.

"தம்பி, அதோ நிக்குதே செவலக் காள, அதோட பல்லக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க. தெரிஞ்சா ரெண்டா வாங்கிக்கறேன்."

"இப்ப வெளிச்சம் சரியில்லக்கா."

"நடு மத்தியானம் தம்பி! இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா சூரியன இறக்கித்தான் வைக்கணும்."

கூட்டம் சிரித்தது. பதினோரு பேரில் யாரோ ஒருவர் பையைத் திறந்து தன் டேப்பை வேன் படியில் வைத்தார். இன்னொருவர் வைத்தார். மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் ஒலிபெருக்கி நின்றிருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் டவுன் கடைக்குப் போனார்கள். தெஸ்மாவத்தி மூன்று டேப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று பதினைந்து லட்சம், ஒன்று இருபத்துநான்கு. மூன்றாவது போன வருஷத்து மாடல், கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைத்திருந்தது. முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதற்கு இருபத்தொன்று.

"ஊனி, இதுல எது நல்லது?" என்று யுஸ்னெத்தி அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"எதுக்கு வேணும்? படம் பாக்கவா, பசங்க படிக்கவா?"

"பல்லு பாக்க," என்றார் ஜஸ்ரில்.

தெஸ்மாவத்தி புரியாமல் பார்த்தார். ஜஸ்ரில் பதினைந்து லட்சம் டேப்பைக் கையில் வாங்கி, எடைபோடுகிற மாதிரி ஏந்திப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார். பிறகு மனைவியிடம் கொடுத்துவிட்டு, கடை நடுவில் வாயை அகலத் திறந்தார்.

"எடு."

"இங்கயேவா?"

"எடுங்கறேன்ல."

விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார்கள். பதினைந்து லட்சத்தில் அவருடைய கீழ்வரிசைப் பல் முழுவதும் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. இருபத்துநான்கில் ஒவ்வொரு பல்லாக எண்ணலாம். கீறல் விழுந்ததிலும் எடுத்தார்கள். எண்ண முடிந்தது, இரண்டு பல்லுக்கு நடுவில் காலையில் சாப்பிட்டதில் சிக்கிய மிளகாய்த் தோலும் தெரிந்தது.

"எட்டுன்னு போட்டிருக்கு, இவ்வளவு தெரியுதே?" என்றார்.

"எண்ணு யார் வேணா அச்சடிக்கலாம் ஊடா. கேமராக் கண்ணாடி நல்லதா இருக்கணும்," என்றார் தெஸ்மாவத்தி. "ஆனா அதுல கீறல் இருக்கு. பரவாயில்லயா?"

"குர்பானியா கொடுக்கப் போறேன்? குறை இல்லாம இருக்கணும்னு சட்டமா? முதுகுல கீறல் இருந்தா மாடு நடக்காதா?" அதைத் தரையில் வைத்து, அரை மணி நேரம் விடாமல் வீடியோ ஓடவிட்டார். தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. முதலில் எடுத்த படமும் காணாமல் போகவில்லை.

அதன் பிறகு அவர் கை தன்னையறியாமல் தோள் கைலிக்குப் போனது. தெஸ்மாவத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை இறக்கிக்கொண்டார். யுஸ்னெத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நீங்க வெளியில போய் ஒரு காப்பி குடிங்க ஊடா. இது என் சந்தை."

அவர் காப்பியை முடிப்பதற்குள் அவள் பெட்டியோடு வந்தாள். இருபத்தொன்று பத்தொன்பதாகியிருந்தது, மேலே ஒரு தோல் உறையும் ஒரு வருஷ உத்தரவாதச் சீட்டும். அதை அவள் தெருவெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தாள். ஜஸ்ரில் கூச்சத்தோடு அக்கம்பக்கம் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை அசர் முடிந்து கமிட்டி கூடியது. டேப்பில் ஹாஜி தம்ரின் சாய்வு நாற்காலியில் தெரிந்தார். அவருக்குப் பக்கத்தில் கமிட்டியின் புதுச் செயலாளர், கையில் பேனாவோடு. ஜஸ்ரில் மாட்டின் வாயைப் பிடித்தார், யுஸ்னெத்தி டேப்பைப் பிடித்தாள். முதல் மாடு. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பல்லு. தெரியுது," என்றார்.

இரண்டாவது, மூன்றாவது என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாவது மாடு தும்மி, டேப் முழுவதும் எச்சில். யுஸ்னெத்தி தலைத்துணி நுனியால் துடைத்தாள். கடைசி மாடு வாயைத் திறக்க மறுத்தது. ஜஸ்ரில் உதட்டை விலக்கினால் நாக்கை நீட்டியது, நாக்கை ஒதுக்கினால் தலையைத் திருப்பிக்கொண்டது.

"ஏன், அதுக்கு மட்டும் பல்லு இல்லயா?" என்று செயலாளர் கேட்டார்.

"இருக்கு தம்பி, கொஞ்சம் கர்வம்," என்றாள் யுஸ்னெத்தி.

ஜஸ்ரிலின் கை வழுக்கியது. பதின்மூன்று காட்டி ஒன்று காட்டாமல் போனால், மற்றவற்றின் மேலும் சந்தேகம் வரும் என்று அவருக்குத் தெரியும். வாயோரத்தில் விரலை நுழைத்து, நாக்கைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்தார். மாடு சலித்துப்போய் வாயைத் திறந்தது. அவள் டேப்பைக் கிட்டே கொண்டுபோனாள். சின்னப் பால்பற்களுக்கு நடுவில், அகலமாக, லேசாக மஞ்சள் படிந்து, இரண்டு.

அந்தப் பக்கம் செயலாளர் தலையாட்டினார். பேனா காகிதத்தில் ஓடியது.

"நான் சொன்னேனா இல்லயா?" ஹாஜியின் குரல் உயர்ந்தது. "பன்னெண்டு வருஷமா இவன் திறந்து காட்டின பல்லுல ஒண்ணுகூடப் பொய் இல்ல. எழுதுப்பா. பதினாலும் ஜஸ்ரில்கிட்ட. ஜஸ்ரில், செவ்வாய்க்கிழமை லாரி வரும். விலைக்கு என் மருமகன அனுப்பறேன், அவனுக்குக் கை பேசத் தெரியும்."

திரை அணைந்தது. ஜஸ்ரில் மாட்டின் கழுத்தில் சாய்ந்து நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"என்ன ஊடா, ஆபரேஷன் அவருக்கா உங்களுக்கா?"

"பசிக்குது," என்றார்.

அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது, காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. யுஸ்னெத்தி சோற்றையும் பச்சை மிளகாய் அரைத்துப் போட்டு வறுத்த கருவாட்டையும் தொழுவத்துக்கே கொண்டுவந்தாள். வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். சுற்றிலும் பதினான்கும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஜஸ்ரில் தட்டை நீட்டி மூன்றாவது தடவையாகச் சோறு கேட்டார்.